பழனிக்குப் பதில் ஒரு நீலப் பொம்மை

1

எங்கள் மியூசியத்தில் கதவு திறப்பதற்கு முன் தினமும் பேர் கூப்பிடுவார்கள். காவல் வேலை பார்க்கிற எல்லோரும் படிக்கட்டுக்குக் கீழே வரிசையாக நிற்க வேண்டும். மேற்பார்வை பார்க்கும் அம்மாள் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு பேராகச் சொல்வாள். என் முறை வரும்போது ‘வாலி’ என்பாள். மனசு நன்றாக இருக்கும் நாளில் ‘வேலி’. வள்ளி என்று சொல்ல ஆரம்பத்தில் நானும் கற்றுக்கொடுத்துப் பார்த்தேன். அந்த ‘ள்ளி’ இங்கே யார் நாக்கிலும் ஏறுவதாக இல்லை. வாலி என்றாலும் நான்தான், வேலி என்றாலும் நான்தான் என்று விட்டுவிட்டேன். இருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு என் அறைக்குப் போய்விடுவேன்.

என் அறை என்றால் எகிப்து அறை. இங்கிலாந்தின் வடக்கே, வருஷத்தில் முக்கால்வாசி நாள் தூறிக்கொண்டே இருக்கும் ஒரு ஊர் இது. கல்யாணமாகி இங்கே வந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறோம். யாரும் கண்ணாடிப் பெட்டிகளைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது என் வேலை. செத்தவர்களுக்குக் கூர்க்கா என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறார். உயிரோடு இருப்பவர்களுக்கு உப்பில்லாமல் சமைத்துப் போடுவதற்கு இது எவ்வளவோ மேல் என்று நானும் திருப்பிச் சொல்வேன்.

போன வாரம் என் தம்பி பழனிக்கு இரண்டாவது வருஷத் திதி. லீவு கேட்டுப் படிவம் கொடுத்தேன். ஆபீஸில் இருந்த பெண் மரியாதையாகத்தான் கேட்டாள்: இறந்து இரண்டு வருஷமான ஒருவருக்காக இப்போது எதற்கு லீவு?

“அவனுக்குச் சாப்பாடு போட வேண்டும்” என்றேன்.

“யாருக்கு?”

“தம்பிக்கு.”

 அவள் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதிக்கொண்டாள். எகிப்து அறையைத் தாண்டித்தான் அவள் தினமும் டீ குடிக்கப் போகிறாள். அங்கே ஒரு பெட்டி நிறைய, செத்தவருக்குப் படைத்த ரொட்டி காய்ந்து கிடக்கிறது. அதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். லீவு கிடைத்தால் போதும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மைசூரில் நம் ஆட்கள் நடத்தும் பத்திரிகைக்கு வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். நான் படித்தது கன்னடப் பள்ளிக்கூடத்தில். தமிழ் எழுத்து, பெட்டிக்கடையில் தொங்கும் வாரப் பத்திரிகைகளைப் பார்த்துப் பார்த்துப் படித்தது. பனியைப் பற்றியும் பெரிய கடைகளைப் பற்றியும் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் இதைத்தான் எழுத முடியும்.

2

என் நாற்காலிக்கு நேர் எதிரே ஒரு பெட்டி இருக்கிறது. அதில் விரல் நீளத்திலிருந்து சாண் நீளம் வரை நீலப் பொம்மைகள் வரிசையாக நிற்கின்றன. முதன்முதலில் பார்த்தபோது தசராக் கொலு என்றுதான் நினைத்தேன். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு பிணம். துணி சுற்றி, கைகளை மார்பில் குறுக்கே வைத்து, கண்ணை மட்டும் திறந்து வைத்திருக்கும். இரண்டு கையிலும் மண்வெட்டி. முதுகில் ஒரு கூடை.

இவை களிமண்ணால் செய்தவை இல்லை. வெள்ளைக் கல்லை மாவாக அரைத்து, உவர் உப்பும் செம்பும் சேர்த்துப் பிசைந்து, அச்சில் அழுத்திக் காயவைப்பார்கள். காயும்போது உப்பு மேலே பூத்து வரும். சூளையில் வைத்தால் அந்த உப்பே உருகிக் கண்ணாடி மாதிரி நீலமாகப் படிந்துவிடும். யாரும் பூசுவதில்லை. உடம்புக்குள்ளிருந்து வேர்வை வருவதைப் போலத்தான் அந்த நீலம் வருகிறது. உடைந்த பொம்மைகளைப் பார்த்தால் உள்ளே சுண்ணாம்பு வெள்ளை.

எதற்கு இந்தப் பொம்மைகள் என்பதைத்தான் சொல்ல வேண்டும். செத்துப் போனாலும் வேலை விடாது என்று அந்தக் காலத்து எகிப்தியர்கள் நம்பினார்கள். அங்கேயும் வயல் உண்டு, வாய்க்கால் உண்டு. திடீரென்று பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்: வா, உழு, தண்ணீர் பாய்ச்சு, கிழக்கிலிருந்து மேற்குக்கு மணல் சுமந்து கொண்டு போ. அப்படிக் கூப்பிடும்போது செத்தவருக்குப் பதிலாக இந்தப் பொம்மை எழுந்து, இதோ நான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். பொம்மையின் உடம்பில் எழுதியிருப்பது அதுதான். யாருக்காக வேலை செய்யப் போகிறதோ அவர் பேரும் கூடவே இருக்கும். பேர் இல்லாவிட்டால் யாருக்குப் பதில் சொல்வது என்று பொம்மைக்குத் தெரியாது.

கூட்டத்தில் சில பொம்மைகள் மட்டும் வேறு மாதிரி. பிணம் போலச் சுற்றாமல், உயிருள்ள ஆள் மாதிரி வேட்டி கட்டி, கையில் சவுக்கு வைத்திருக்கும். அவை மேஸ்திரிகள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதையெல்லாம் படித்துவிட்டுச் சிரித்தேன். கட்டட வேலைக்காரர் வீட்டில் பிறந்தவளுக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

3

அப்பா ஹனூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்தவர். அவர் இறந்த பிறகு பழனி அதே வேலைக்குப் போனான். படிப்பு ஏறவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்குச் சம்மதமில்லை. நான் படிக்க வேண்டும் என்பதற்காக அவனுக்கு ஏறாமல் போனது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

எங்கள் தெருவுக்கு விடிவதற்கு முன்பே மாதப்ப மேஸ்திரி வந்துவிடுவார். கம்பிக் கேரியர் வைத்த பழைய கறுப்பு சைக்கிள். பின்சக்கரத்துக்கு இரட்டைக்கால் ஸ்டாண்டு. அதை அவர் காலால் மிதித்து நிறுத்தும்போது டக்கென்று ஒரு சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். பிறகு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பேர் கூப்பிடுவார். எங்கள் வீட்டு முன்னால் வந்தால் எப்போதும் ஒரே பாட்டுத்தான்.

“பழனீ... ஏ பழனீ! மண்ணு வந்துருச்சு, எந்திரிச்சு வா!”

மணல் லாரி வந்திருக்கிறது என்று அர்த்தம். பழனி போர்வைக்குள்ளிருந்து முனகுவான். அம்மா அவனுக்காகப் பொய் சொல்வாள்: “இன்னைக்கு உடம்பு சரியில்லீங் மேஸ்திரி. நாளைக்கு வர்றான்.” மேஸ்திரி மறுநாள் தவறாமல் வந்து நிற்பார். நாளைக்கு என்று சொன்னதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை.

ஒரு புது லேஅவுட்டில் மாடி வீட்டுக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தபோது தாங்கி நின்ற முட்டுக் கம்புகள் சரிந்து கூரை விழுந்தது. கீழே மணல் சுமந்துகொண்டிருந்த பழனியும், பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்த மேஸ்திரியும் அதில் போய்விட்டார்கள். எனக்குத் தகவல் வந்து, டிக்கெட் கிடைத்து, நான் புறப்படுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போகவேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். முதல் வருஷத் திதிக்குத்தான் போக முடிந்தது.

4

அந்தச் சமயம் மைசூரில் நாளே பா பயம் பரவியிருந்தது. அது உங்களுக்கு நினைவிருக்கும். நாளே பா என்றால் நாளைக்கு வா. பேய் ஒன்று வீடு வீடாக வந்து, நமக்கு வேண்டியவர் குரலில் கூப்பிடும். பதில் கொடுத்தவர் மறுநாள் இருக்கமாட்டார். அதனால் எல்லோரும் கதவில் ‘நாளே பா’ என்று எழுதி வைத்தார்கள். பேய் படித்துவிட்டுத் திரும்பிப் போய், மறுநாள் வந்து, மறுபடி படித்துவிட்டுத் திரும்பிப் போகும். எங்கள் தெருவில் பாதிப் பேர் தமிழர்கள். ஆனால் பேய்க்குத் தமிழ் படிக்கத் தெரியுமோ தெரியாதோ, எதற்கு வம்பென்று எல்லாக் கதவிலும் கன்னடத்திலேயே எழுதியிருந்தார்கள்.

எங்கள் கதவில் மட்டும் ஒன்றும் இல்லை. எழுதி அழித்த கரி மட்டும் ஈஷிக்கொண்டிருந்தது.

அம்மா பாதியாக இளைத்திருந்தாள். ஜாக்கெட் தோளில் நிற்கவில்லை. என் மகள் நிலா, இங்கே பிறந்து ஆங்கிலம் மட்டும் பேசுகிறவள், பாட்டியிடம் ஹலோ என்று சொல்லிவிட்டு என் பின்னால் ஒளிந்துகொண்டாள். அம்மா அவள் தலையைத் தடவிவிட்டு, “இவளுக்கு நம்ம பேச்சு வராதா?” என்று கேட்டாள். வரும் என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

முதல் நாள் விடிகாலையில் விழித்தபோது பாயில் அம்மா இல்லை. வாசல் கதவுக்கு உள்பக்கம், நிலைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே டக்கென்று ஸ்டாண்டு விழும் சத்தம் கேட்டது. கூப்பிடும் குரல் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. பிறகு அம்மா கதவைப் பார்த்து, ரொம்ப மரியாதையாக, “இன்னைக்கு உடம்பு சரியில்லீங். நாளைக்கு வர்றான்” என்றாள்.

 எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. வாசற்படியில் மட்டும் ஒரு கைப்பிடி ஈர மணல் கிடந்தது. அம்மா துடைப்பத்தை எடுத்துவந்து கூட்டித் தள்ளினாள். தினமும் செய்கிற வேலை மாதிரி இருந்தது.

“பால்காரனா இருக்கும்மா” என்றேன்.

“பால்காரன் விடிஞ்சுதான் வருவான். இது மாதப்ப மேஸ்திரி.”

“கதவுல எழுதியிருந்ததை ஏன் அழிச்சே?”

“அது பேய்க்கு எழுதறது அம்மிணி. மேஸ்திரிக்கு நாளைக்கு வான்னு எழுதி வெச்சா, அவரு நாளைக்கு வராம இருப்பாரா? உசுரோட இருக்கறப்பவே அவரு அப்படி. நாளைக்குன்னா நாளைக்குத்தான்.”

5

அம்மாவை என்னோடு அழைத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பது என் திட்டம். நான் வருவதற்குப் பல மாதம் முன்பே ஏஜென்ட் மூலம் எழுதிப் போட்டு, பாஸ்போர்ட் எடுக்கவே ஒரு பாடு பட்டோம். அம்மாவுக்குப் பிறந்த தேதி கிடையாது. மழை பெய்து ஆற்றில் வெள்ளம் வந்த வருஷம் என்றுதான் தெரியும். ஏஜென்ட் அவராக ஒரு தேதியைப் போட்டுக்கொண்டார். குடும்பப் பேர் என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லாமல், எப்போதோ செத்துப்போன அப்பாவின் பேரைப் போட்டார். அம்மா அந்தச் சின்னப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்துவிட்டாள்.

“நான் வரல அம்மிணி.”

“ஏன்? அங்க உனக்கு என்ன குறைச்சல்?”

“நான் அங்க வந்துட்டா காலைல மேஸ்திரிக்கு யாரு பதில் சொல்றது? யாரும் சொல்லலைன்னா அவரு உள்ள வந்து புள்ளய எழுப்பிக் கூட்டிட்டுப் போயிருவாரு. செத்துமா அவன் மண்ணு சுமக்கணும்?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதெல்லாம் பிரமை, டாக்டரிடம் போகலாம் என்று கத்தினேன்.  அதற்கு அம்மா சொன்னதுதான் என்னைக் கலக்கிவிட்டது.

“எத்தன நாளைக்குத்தான் பொய் சொல்லி அனுப்பறது? எனக்கும் ஆகல. அவனுக்குப் பதிலா நானு வர்றேன்னு ஒரு நாளு சொல்லிரலாம்னு இருக்கு.”

பதில் கொடுத்தால் என்ன ஆகும் என்று அந்தத் தெருவில் குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் நம்புகிறேனா இல்லையா என்பது வேறு விஷயம். அம்மா நம்பினாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு அப்படியே படுத்துச் செத்துப் போகிறவள்தான் அவள். எனக்கு லீவு முடிய அதிக நாள் இல்லை. நான் போன பிறகு எந்தக் காலையில் அவள் அதைச் சொல்லிவிடுவாளோ என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் நான் கொண்டுவந்த சூட்கேஸில் இருந்த பொம்மை நினைவுக்கு வந்தது. மியூசியக் கடையில் விற்கும் நகல். மியூசியம் இருக்கும் ஊரிலேயே ஒரு குயவர் பழைய முறையிலேயே கல்மாவு பிசைந்து சுட்டுக் கொடுப்பது. பேர் எழுதும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருப்பார். அம்மா வீட்டு அலமாரியில் அழகுக்கு வைக்கலாம் என்று கொண்டுவந்திருந்தேன். அதை அம்மா கையில் கொடுத்து, இது யார், என்ன வேலை செய்கிறது, என்ன பதில் சொல்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். விளையாட்டுக்குத்தான் ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல என் குரல் மாறிப்போனது எனக்கே தெரிந்தது.

அம்மா பொம்மையின் முதுகுக் கூடையை விரலால் தடவினாள்.

“மண்ணு சுமக்குமா?”

“கிழக்கிலிருந்து மேற்குக்குச் சுமக்கும்மா. அதுக்குத்தான் செஞ்சது.”

“மேஸ்திரி கூப்புட்டா போகுமா?”

“போகும். ஆனா யாருக்குப் பதிலாப் போகணுமோ அவங்க பேரை அது மேல எழுதணும்.”

“அப்ப எழுதிரலாம்” என்றாள் அம்மா. நான் வந்ததிலிருந்து அவள் முகத்தில் பார்த்த முதல் தெளிச்சி அது.

6

எழுதுவது யார்? அம்மாவுக்கு ஒரே ஒரு இடம்தான் தெரியும். தேவராஜ மொஹல்லாவில் பாத்திரக் கடைகளுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டிக் கொடுப்பவரிடம். எங்கள் வீட்டுக் குடம், சம்படம், தூக்கு எல்லாம் அவரிடம் வெட்டியதுதான். மறுநாள் காலையில் நிலாவுக்குக் காய்ச்சல். நான் அவளைப் பார்த்துக்கொள்ள, அம்மா பொம்மையை முந்தானையில் முடிந்துகொண்டு தனியாகவே போய்வந்தாள்.

“வெட்டிக் குடுத்துட்டாரு. கல்லு மாதிரி இருக்கு, மிஷினு தேஞ்சு போகும்னு பேஜார் பண்ணினாரு” என்றாள். பொம்மையை மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். திதி வரைக்கும் யாரும் தொடக்கூடாது என்றாள். அன்றிரவு இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

திதிக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சங்கமத்துக்குப் போனோம். ஹனூரிலிருந்து பெரியப்பா மகன் வந்து சடங்கைச் செய்தார். பிண்டம் கரைத்து முடிந்ததும் அம்மா முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். நானும் கூட இறங்கினேன். மஞ்சள் துணியைப் பிரித்தாள். வெயிலில் அந்த நீலம் பளீரென்றது. ஆற்றில் அந்த நிறத்தில் வேறு எதுவும் இல்லை.

அம்மா அதைக் குப்புறப் பிடித்து முதுகில் குங்குமம் வைத்தாள். அப்போதுதான் நான் எழுத்தைப் பார்த்தேன். நீலம் பெயர்ந்து, உள்ளே இருந்த வெள்ளையில், கன்னடத்தில் அழகாக வெட்டியிருந்தார். ‘வள்ளி’.

முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. பாத்திரத்தில் யார் பேரை வெட்டுவார்கள்? கொடுப்பவர் பேரை. கல்யாண வீட்டுக்குக் குடம் கொடுத்தாலும், கிரகப்பிரவேசத்துக்குத் தட்டு கொடுத்தாலும், கொடுத்தவர் பேர்தானே பாத்திரத்தில் இருக்கும்? பேர் வெட்டுபவர் எல்லோரிடமும் கேட்பதைத்தான் அம்மாவிடமும் கேட்டிருப்பார்: யார் கொடுப்பது? பழனிக்கு, என் மகள் வள்ளி கொடுத்தது என்று அம்மா உண்மையைச் சொல்லியிருக்கிறாள்; அவர் வழக்கம்போலக் கொடுத்தவர் பேரை வெட்டிவிட்டார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எந்தப் பேரை வெட்டினார் என்று அவளுக்குத் தெரிய வழியில்லை.

பழனிக்குப் பதிலாக வரும் ஆளின் பேர் வள்ளி என்றுதான் மேஸ்திரி இதைப் படிப்பார். அந்த ஒரு நொடியில் நான் சொல்லியிருக்கலாம். நிறுத்தும்மா, தப்பாகிவிட்டது என்று கையைப் பிடித்திருக்கலாம். ஆனால் அம்மாவின் முகம் அப்படி இருந்தது. கூரை விழுந்த நாளிலிருந்து சுமந்ததை இறக்கி வைக்கப் போகிற முகம். இதை இப்போது பிடுங்கினால் நாளைக் காலையில் அவள் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.

“போடட்டுமா அம்மிணி?”

“போடும்மா.”

பொம்மை சத்தமில்லாமல் முழுகியது.

மறுநாள் காலையில் அம்மா நன்றாக விடிந்தும் எழுந்திருக்கவில்லை. வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அவள் உட்காரும் இடத்தில் நான் போய் உட்கார்ந்திருந்தேன். சைக்கிள் வரவில்லை. படியில் மணல் இல்லை. அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் வந்த அழுகைதான்.

7

இங்கே திரும்பி வந்த அடுத்த வாரம். என் வீட்டுக்காரர் காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். வெளியே இன்னும் இருட்டு. அடுப்பில் பால் வைத்துவிட்டு நிற்கிறேன். வாசலில் டக்கென்று ஒரு சத்தம்.

இந்த ஊரில் சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைப்பார்கள், இல்லாவிட்டால் கம்பத்தில் பூட்டுவார்கள். அப்படி ஒரு ஸ்டாண்டு இங்கே எந்தச் சைக்கிளுக்கும் கிடையாது.

“வள்ளீ... ஏ வள்ளீ! மண்ணு வந்துருச்சு, எந்திரிச்சு வா!”

பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைக்கவும் தோன்றவில்லை.  எத்தனை வருஷமாயிற்று, என் பேரை யாரோ முழுசாக, ‘ள்ளி’யை அழுத்தி, சரியாகச் சொல்லி! பயத்துக்கு நடுவில் அதுவும் எனக்கு உறைத்தது. இந்த ஊரில் என்னைச் சரியாகக் கூப்பிட ஒரே ஒருவர்தான் இருக்கிறார்.

கதவில் தபால் போடும் பித்தளை மூடி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் போய் நின்று, அம்மா சொன்ன அதே குரலில் சொன்னேன்: “இன்னைக்கு உடம்பு சரியில்லீங் மேஸ்திரி. நாளைக்கு.”

மறுநாளும் வந்தார். நாளைக்கு என்று சொன்னால் நாளைக்கு வருகிறவர் அவர்.

கதவைத் திறந்தால் யாரும் இருப்பதில்லை. கால்மிதியின் மேல் மட்டும் ஒரு கைப்பிடி மணல். இந்த ஊரின் கறுத்த சேறு இல்லை. வெளுத்த, ஈரமான, மினுக்கும் ஆற்று மணல். கிழக்கிலிருந்து மேற்குக்கு இவ்வளவு தூரம் அதை யார் சுமந்து வந்தார்கள் என்று நான் கேட்பதில்லை. கூட்டித் தள்ளிவிட்டு வேலைக்குப் புறப்படுகிறேன். மியூசியத்தில் ‘வாலி’ என்று கூப்பிட்டால் இருக்கிறேன் என்று சொல்கிறேன். எதிர்ப் பெட்டியில் இருக்கும் சவுக்குக்காரப் பொம்மைகளை மட்டும் இப்போதெல்லாம் நேருக்கு நேர் பார்ப்பதில்லை.

நம்பச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்தவில்லை. நானே பிரமை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒரு காலை, நிலா ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே ஆங்கிலத்தில் கேட்டாள்: “தினமும் சைக்கிளில் வருகிற அந்த ஆள் யாரம்மா? அவர் உன் பேரை வேற மாதிரி சொல்கிறார்.”

 “எப்படிச் சொல்கிறார்?”

நிலா நாக்கை மடித்தாள். “வள்ளி” என்றாள். எத்தனை வருஷம் நான் சொல்லிக்கொடுத்தும் வராத எழுத்து, அச்சாக மைசூர்த் தெருக் குரலில் வந்தது.

“நான் வேண்டுமானால் போய், இருக்கிறாள் என்று சொல்லட்டுமா?” என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பேர் கூப்பிட்டால் முதலில் கையைத் தூக்குகிற பெண் அவள்.

அவள் கையை நான் இறுகப் பிடித்தேன். வலித்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது. “நீ வாயே திறக்கக்கூடாது. அவருக்கு நான் சொல்லிக்கொள்வேன்” என்றேன். அன்றிலிருந்து அவளுக்கு முன்னால் எழுந்து, கதவுக்கு உள்பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

8

ஞாயிற்றுக்கிழமைகளில் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு அம்மா வந்து காத்திருப்பாள். நான் இங்கிருந்து கூப்பிடுவேன். திதி முடிந்த இந்த ஞாயிறும் பேசினோம். ஊரில் கதவெழுத்தெல்லாம் மழையில் அழிந்துவிட்டதாம். அம்மாவுக்கு ஜாக்கெட் இறுக்கமாகிவிட்டதாம்.

“இப்பல்லாம் பால்காரன் வந்து தட்டித்தான் எந்திரிக்கிறேன். ஒருத்தரும் கூப்புடறதில்ல. அந்தப் பொம்ம நல்லா வேல செய்யுது அம்மிணி. பழனி எங்கியோ நிம்மதியாத் தூங்கறான்.”

“நல்லதும்மா” என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்திருந்தது. தம்பியின் பிணத்தைக்கூடப் பார்க்க வராதவள் நான். இத்தனை தூரத்திலிருந்து அவனுக்காகச் சுமக்க எனக்கு இது ஒன்றாவது கிடைத்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

“அந்தப் பாஸ்போட்டு இன்னும் இருக்குதில்ல?” என்றாள் அம்மா.

“இருக்கும்மா.”

“இனி இங்க எனக்கு என்ன வேல? காலைல யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல. நான் உங்கூடயே வந்து இருந்துக்கறேன். அந்தக் குட்டிக்கு நாலு வார்த்த நம்ம பேச்சு சொல்லிக் குடுக்கறேன். எப்ப வர்றது, சொல்லு.”

எவ்வளவு நாள் இந்த வார்த்தைக்காகக் கெஞ்சியிருப்பேன்! விசாப் படிவத்தைக்கூடப் பூர்த்தி செய்து அலமாரியில் வைத்திருக்கிறேன். ஆனால் அம்மா வந்தால் நிலாவின் அறையில்தான் படுப்பாள். விடியும் முன் விழிக்கும் பழக்கம் அவளை விட்டு முழுதாகப் போயிருக்காது. அந்த ஸ்டாண்டுச் சத்தம் அவளுக்குத் தெரியும். என் பேரை அவர் கூப்பிடுவதை ஒரு தடவை கேட்டால் போதும், எனக்கு முன்னால் எழுந்து போய் என் அம்மா என்ன பதில் சொல்லிவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

பூத்தில் பின்னால் யாரோ அவசரப்படுத்தும் சத்தம் கேட்டது. அம்மா மறுபடி கூப்பிட்டாள். “வள்ளி... ஏ வள்ளி, இருக்கியா? எப்ப வர்றது?”

“வரலாம்மா” என்றேன். “இப்ப வேண்டாம். அப்புறமா வா.”

“அப்புறம்னா எப்ப?”

“நாளைக்குச் சொல்றேன்” என்று சொல்லிப் போனை வைத்தேன்.